ஒட்டகம் எழும் வரை

மருதாணித் தட்டு கீழ்த்தெருவுக்கு வந்தபோது துன்யா கூரைமேல் நின்று ஒரு சேவலோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதுதான். ஆனால் பீர் நஈமா ஊரிலுள்ள ஆடு, கோழி, கழுதை, கணக்கு வாத்தியார் என்று அவளோடு வழக்கில்லாத ஜீவன் ஒன்றுகூடக் கிடையாது. மேலத்தெருவிலிருந்து லல்லா ஸகிய்யா இறங்கி வருவதை முதலில் பார்த்தவள் அவள்தான். பார்க்காமல் இருப்பதும் கஷ்டம். மேலத்தெருப் பெரிய வீட்டு ஹாஜி மன்ஸூரின் தங்கையான அந்த எஜமானியம்மாள் நடந்து வந்தால் தெருவில் வேறு எதற்கும் இடமிருக்காது. நிழல் மட்டும் அரைப் பேரீச்சந்தோப்பை மூடிவிடும்.

"யம்னாக்கா, கப்பல் வருது," என்று கூரையிலிருந்து குரல் கொடுத்தாள் துன்யா.

யம்னா உள்ளே அம்மாவுக்காகக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். அம்மா மஹ்பூபா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மூத்த மகள் பர்னியாவை மண்ணில் வைத்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு அந்தச் சுவர்தான் உறவு. யம்னா கஞ்சியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கப்பல் சொன்னபடியே வந்து கரை தட்டியது. தலையில் தட்டு, தட்டில் மருதாணிப்பொடி, அதன் நடுவே ஒரு வெள்ளைச் சர்க்கரைக் கட்டி.

அந்தத் தட்டுக்கு என்ன பொருள் என்று ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. பென் ஹம்தூன் வீட்டில் கல்யாணம். மேளத்தோடு வந்து சேருங்கள். யம்னாவின் பாட்டனுக்குப் பாட்டனை விலைக்கு வாங்கிய வீடு அது. பிறகு விடுதலை கொடுத்தார்கள். கொடுக்கும்போது, பழைய சட்டையைச் சேர்த்துக் கொடுப்பதுபோல, குடும்பப் பெயரையும் கொடுத்துவிட்டார்கள். அதனால் மேலத்தெரு வெள்ளைத் தோல்காரர்களும் பென் ஹம்தூன்தான், கீழ்த்தெருக் கறுப்பர்களும் பென் ஹம்தூன்தான். பெயர் ஒன்று, பள்ளிக்கூடப் பேருந்து இரண்டு, குடிக்கும் குவளை இரண்டு, இடுகாடு இரண்டு.

"எங்கடி உங்கப்பன்?" என்றாள் ஸகிய்யா.

"தொழப் போயிருக்கார், லல்லா."

"தாதா மஹ்பூபா எப்படி இருக்கா?" மேலத்தெருவில் செவிலித்தாயை தாதா என்பார்கள்.

"அப்படியேதான் இருக்கா."

"அல்லாஹ் பொறுமை குடுப்பான். வர்ற வியாழக்கிழமை அண்ணன் மக ஷாதியாவை ஒட்டகத்துல ஏத்தி அனுப்பறோம். மாப்பிள்ளை மார்ஸேல்லேருந்து லீவுல வந்திருக்கான். லீவு முடிஞ்சா கம்பெனிக்காரன் விடமாட்டானாம்." தட்டை இறக்கி யம்னாவின் கையில் வைத்தாள். "பெயர்ப்பாட்டை நீயே பாடிடு. பாட்டெல்லாம் உங்க ஆளுங்களுக்கு ரத்தத்துலயே இருக்குல்ல."

கூரையிலிருந்து துன்யாவின் தலை நீண்டது. "லல்லா, பர்னியாக்கா போய் இன்னும் நாப்பது நாள் ஆகலியே."

ஸகிய்யா அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. அன்பாகத்தான் சொன்னாள். "உங்க அக்காவுக்குத்தானே, கண்ணு."

கப்பல் திரும்பிப் போயிற்று. யம்னா தட்டைப் பிடித்தபடி அங்கேயே நின்றாள்.

பர்னியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் குரலைக் கேட்டவர்கள் யாரும் அதை அளவாகச் சொன்னதில்லை; நாம் மட்டும் எதற்கு அளக்க வேண்டும்? அவள் குலவையிட்டால் லிபியா எல்லையில் காவலர்கள் எழுந்து நின்று துப்பாக்கியைத் துடைப்பார்கள். தாழ்ந்த குரலில் தாலாட்டினால் மெதனீன் நகரம் வரைக்கும் குழந்தைகள் உறங்கும். பால்காரர்கள் வழியில் படுத்துவிடுவார்கள். யம்னாவின் வயதில் ஒருநாள் மேலத்தெருப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். இறங்கு என்றார்கள். இறங்கவில்லை. ஓட்டுநர் வண்டியை அணைத்துவிட்டு அத்திமரத்தடியில் போய்ப் படுத்துக்கொண்டார். பர்னியா தனக்குத் தெரிந்த கல்யாணப் பாட்டு முழுவதையும் அந்த ஓடாத பேருந்தில் உட்கார்ந்து பாடித் தீர்த்தாள். மதியத்துக்குள் அந்தப் பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பழையபடி இரண்டு பேருந்துதான். ஆனால் மேலத்தெருப் பிள்ளைகள் ஒரு வாரம் அந்தப் பாட்டையே முனகிக்கொண்டு போனார்கள் என்று கேள்வி.

போன மாதம் ஹாஜியின் மூத்த மகன் கல்யாணம் வெளியூரில் நடந்தது. பெண்ணழைக்க மேளக்காரர்களும் போனார்கள். திரும்பும்போது மேலத்தெருக்காரர்களுக்குப் பேருந்து. மேளங்களுக்கும் மேளக்காரர்களுக்கும் திறந்த வண்டி. வண்டியின் பின்பக்கம் ஆளும் மேளமுமாக வழிந்தது. பர்னியா பேருந்தின் ஜன்னலைத் தட்டி, "ஷாதியா, உன் பக்கத்து சீட்டு காலிதானே?" என்று கேட்டதை யம்னா வண்டியிலிருந்து பார்த்தாள். ஷாதியா அத்தையைப் பார்த்தாள். அத்தை ஸகிய்யா தன் கைப்பையை எடுத்து அந்த சீட்டில் வைத்தாள். ஷாதியா மடியைப் பார்த்துக்கொண்டாள். பர்னியா சிரித்துவிட்டு வந்து வண்டியின் ஓரத்தில் தொற்றிக்கொண்டாள். உப்புநிலத்துச் சாலையில் வண்டியின் டயர் வெடித்தது. மற்றவர்களுக்கெல்லாம் சிராய்ப்பு, எலும்பு முறிவு. பின்னால் வந்த பேருந்து நின்றது. அதற்குப் பிறகுதான் அந்தப் பேருந்தில் பர்னியாவுக்கு இடம் கிடைத்தது, ஷாதியாவின் மடியில்.

இந்த ஷாதியா வேற்று ஆளல்ல என்பதுதான் யம்னாவின் தொண்டையில் நின்ற முள். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்பு மேலத்தெருவில் அவள் பிறந்தபோது அவளைப் பெற்றவள் காய்ச்சலில் கிடந்தாள், பால் இறங்கவில்லை. அதே வசந்தத்தில் கீழ்த்தெருவில் பர்னியா பிறந்திருந்தாள். மஹ்பூபாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். ஒரு மார்பில் கறுப்புக் குழந்தை, ஒரு மார்பில் வெள்ளைக் குழந்தை. ஒருத்தி மற்றவளின் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டே குடிப்பாளாம். மார்க்கம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே பால் குடித்தவர்கள் உடன்பிறப்புகள். ஷாதியா பர்னியாவுக்குச் சகோதரி, யம்னாவுக்கும் துன்யாவுக்கும் அக்கா. கீழ்த்தெருவில் மஹ்பூபாவின் வயிற்றில் ஒரு மகன் பிறந்திருந்தால் அவனுக்கு ஷாதியாவைக் கட்டிவைக்க முடியாது. இதைப் பற்றி மேலத்தெருவில் ஒருவரும் கவலைப்படவில்லை. பால் குடிக்காமல் இருந்திருந்தாலும் கட்டிவைத்திருக்கப் போவதில்லை.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நாற்பதாம் நாள் வரை அந்த வீட்டுக் கல்யாணத்தில் மேளம் தொடக்கூடாது. ஹாஜியின் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் மைத்துனர் ஸ்ஃபாக்ஸில் இறந்தபோது, முகம்கூடத் தெரியாத அந்த மனிதருக்காக நிச்சயித்திருந்த ஒரு கல்யாணத்தையே தள்ளி வைத்தார்கள். ரேடியோவைத் துணி போட்டு மூடினார்கள். இப்போது நாற்பதுக்கு முன்பே மருதாணித் தட்டு வந்திருக்கிறது. 'அவள் எங்களவள் அல்ல' என்று ஊர் முழுவதும் தண்டோரா போட்டால்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்காது.

அப்பா அம்மார் தொழுதுவிட்டு வந்தார். தட்டைப் பார்த்தார். பெரிய மேளத்தை அடித்தடித்து ஒரு தோள் இறங்கிப்போன மனிதர். அன்று மற்றத் தோளும் இறங்கி, இரண்டும் ஒரே உயரத்தில் இருந்தன.

"போகணும்," என்றார்.

"ஏன் பாபா?"

அவர் தட்டை வாங்கிச் சுவரோரம் வைத்தார். "தெரியல. போகாம இருந்து பாத்ததில்ல."

யம்னாவுக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பதிலில் பொய்யே இல்லை என்பதுதான் அவளை அழவைத்தது.

மறுநாள் பள்ளி விட்டதும் அக்காளும் தங்கையும் உப்புநிலத்துக்குப் போனார்கள். பாடிப் பழக வேறு இடமில்லை. யம்னாவின் குரல் பர்னியாவினுடையது போன்றதல்ல. வகுப்பில் வருகைக்குப் பதில் சொன்னால் வாத்தியார் அவள் வரவில்லை என்று போட்டுவிடுவார். ஒருமுறை தேளைப் பார்த்துக் கத்தியபோது தேள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இதுவரை பின்வரிசையில் உட்கார்ந்து கைமேளம் தட்டியதோடு சரி. துன்யா தூரத்தில் ஒரு உப்புக் குவியலின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"கேக்குதா?" என்று பாடி முடித்து யம்னா கேட்டாள்.

"எது?"

"பாட்டு, சனியனே."

"கொசு கத்துச்சுன்னு நெனச்சேன். இன்னொரு தடவ பாடு."

மாலைக்குள் துன்யா மூன்று குவியல் பின்னால் போய்விட்டாள், அங்கேயும் கேட்டது. பெயர்ப்பாட்டு நீளமானது. மணப்பெண் ஒட்டகத்தின் முதுகிலுள்ள கூண்டுக்குள் ஏறியதும் பாடகி அவள் வம்சத்துப் பெண்களைப் பெயர் சொல்லி அழைப்பாள். உயிரோடிருப்பவளின் பெயர் வந்தால் கூட்டம் குலவையிடும். இறந்தவளின் பெயர் வந்தால், எதிரியே ஆனாலும், எல்லாரும் வாய்விட்டு 'அல்லாஹ் ரஹ்மத் செய்வான்' என்று அவளுக்கு அருள் கேட்டாக வேண்டும். கடைசிப் பெயருக்குப் பதில் வந்த பிறகே முத்தாய்ப்பு அடி. அந்த அடி விழுந்த பிறகே ஒட்டகம் எழும். பதிலில்லாத பெயரை விட்டுவிட்டுப் பெண் கிளம்பினால் அவள் கருப்பை மூடிக்கொள்ளும் என்பார்கள்.

துன்யா குவியலிலிருந்து சறுக்கி இறங்கி வந்தாள். மூக்கு நுனியெல்லாம் உப்பு.

"செத்தவங்க பேரு வந்தா பதில் சொல்லியே ஆகணும்ல?"

"ஆமா."

"சொல்லலேன்னா?"

"சொல்லாம யாரும் இருந்ததில்ல."

"அப்ப அக்கா பேரச் சொல்லு."

யம்னா தங்கையைப் பார்த்தாள். அந்த யோசனை தனக்கும் தட்டை வாங்கிய நொடியிலேயே வந்துவிட்டது என்பதையும், அதைப் பாயின் அடியில் ஒளித்து வைத்ததுபோல் வைத்திருந்ததையும் அவள் சொல்லவில்லை. "வீடு அவங்க நெலத்துல இருக்குடி," என்றாள். "பாபா முகத்த எங்க வெச்சுப்பார்? அவ்வளவு பேரும் வாயத் தெறக்காம நின்னா என்ன பண்றது? அக்கா பேரு நடுத்தெருவுல கெடக்கும். செத்தும் ஒரு தடவ எறக்கி விட்ட மாதிரி ஆயிரும்."

துன்யா யோசித்தாள். "நான் சொல்வேன்ல பதில்."

"நீ ஒருத்தி."

"நான் சத்தமாச் சொல்வேன்."

இதை மறுக்க யாராலும் முடியாது.

வியாழக்கிழமை மேலத்தெருவில் ஒரு ஊர் கூடவில்லை, ஒன்பது ஊர் கூடியது. ஹாஜி வீட்டு கூஸ்கூஸ் அண்டாவை இறக்கி வைத்தபோது எழுந்த ஆவியில் மினாரா மறைந்து, பாங்கு சொல்லும் முஅத்தின் தான் மேகத்துக்கு மேலே இருப்பதாக நினைத்தார் என்கிறார்கள். முற்றத்தின் நடுவில் வஸீர் என்ற ஒட்டகம் மண்டியிட்டுக் கிடந்தது. வாடகை ஒட்டகம். கல்யாண வீட்டாரை வெறுப்பதில் அதற்கு நீண்ட அனுபவம் இருந்தது. இரண்டு மாப்பிள்ளைகளையும் ஒரு போட்டோக்காரரையும் கடித்திருக்கிறது. முதுகில் சிவப்புக் கம்பளி போர்த்திய கூண்டு. அதற்குள் ஷாதியாவை ஏற்றித் திரையை இழுத்துவிட்டார்கள். வழக்கப்படி அப்பா ஹாஜி மன்ஸூர் மூக்குக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வெள்ளை புர்னூஸ் அங்கி, முறுக்கிய மீசை. அந்த மீசையின் இரு முனையிலும் ஒவ்வொரு புறா உட்காரலாம்.

யம்னா முன்னால் வந்து நின்றாள். ஷாதியா கூண்டில் ஏறும்போது ஒரு கணம் இவளைப் பார்த்ததும், அன்றைக்குப் பேருந்தில் மடியைப் பார்த்ததுபோல் உடனே குனிந்துகொண்டதும் கண்ணிலேயே நின்றன. அப்பா பெரிய மேளத்தில் விரலால் இலேசாகத் தட்டினார். அவள் ஆரம்பித்தாள்.

கொள்ளுப்பாட்டி ஸைனப்: அல்லாஹ் ரஹ்மத் செய்வான் என்று நூற்றுக்கணக்கான தொண்டைகள். பாட்டி தாவூஸ்: மறுபடி அதே இடி. பெரியம்மா கமிரா உயிரோடு முன்வரிசையிலேயே இருந்தாள். குலவை வானத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அத்தை ஸகிய்யாவின் பெயருக்கு அவளே எல்லாரையும்விட உரக்கக் குலவையிட்டாள். பெற்ற தாயின் பெயரோடு பாட்டு முடிய வேண்டும். அந்தக் குலவையும் அடங்கியது. அம்மார் குச்சியை ஓங்கினார். வஸீர் எழுவதற்காகப் பின்கால்களை ஊன்றிப் பார்த்தது.

யம்னா அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தாள். குச்சி காற்றிலேயே நின்றது.

"இவளுக்குப் பால் கொடுத்தவள் மஹ்பூபா," என்று பாடினாள்.

உயிரோடிருப்பவள், குலவை வரவேண்டும். வந்தது, ஒன்றே ஒன்று. துன்யா எங்கோ ஒரு கூரைமேல் ஏறியிருந்தாள் போலிருக்கிறது. அந்த ஒற்றைக் குலவை ஊரின் தலைக்கு மேலே கத்திபோல் போயிற்று. பின்வரிசை இளைஞர்கள் சிலர் சிரித்தார்கள்.

"இவளோடு பால் குடித்தவள், இவள் சகோதரி, பர்னியா."

சிரிப்பு நின்றது. குழந்தைகள் நின்றன. பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. ஒட்டகம் அசைபோடுவதை நிறுத்திக் கவனித்தது என்று சத்தியம் செய்யும் ஆட்கள் இருக்கிறார்கள்.

"அல்லாஹ் ரஹ்மத் செய்வான்," என்று கூரையிலிருந்து துன்யா கத்தினாள். அதன்பின் ஒன்றுமில்லை.

ஹாஜி திரும்பினார். "அம்மார், உன் பொண்ணு தாளத்த மறந்துட்டா."

பிறந்ததிலிருந்து 'சீதி', அதாவது எஜமானே, என்றழைத்த அந்த மனிதருக்கு 'இல்லை' என்று சொல்லிப் பழகாத அம்மார், ஓங்கிய குச்சியைக் கீழே இறக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மறக்கல, சீதி. அவ சரியாத்தான் பாடறா."

"கண்ணு, வெயில் ஏறுது," என்றாள் ஸகிய்யா. "முடிச்சிடும்மா. பொண்ணு உள்ள வேகறா."

யம்னா மறுபடி பாடினாள். இந்த முறை குரல் உப்புநிலத்தின் கடைசிக் குவியலையும் தாண்டியிருக்கும். அதே பெயர், அதே மௌனம். மேலத்தெருப் பெண்களின் உதடுகள் அசைவதை அவள் பார்த்தாள். எல்லாருக்கும் அந்தப் பெண்ணைத் தெரியும். எல்லார் கையிலும் ஒருநாள் அவள் மருதாணி வைத்திருக்கிறாள். எல்லாரும் ஹாஜியின் மீசையைப் பார்த்தார்கள். மீசை அசையவில்லை. மூன்றாவது முறை பாடும்போது யம்னாவின் குரல் நடுவில் உடைந்து, பெயரில் பாதிதான் வெளியே வந்தது. அவ்வளவுதான் என்று நினைத்தாள். அக்காவை நானே கொண்டுவந்து நடுத்தெருவில் போட்டுவிட்டேன்.

"அல்லாஹ் அவளுக்கு ரஹ்மத் செய்வான்."

கூண்டுக்குள்ளிருந்து வந்தது. திரை விலகியது. முழங்கை வரை மருதாணி வைத்த கையால் முகத்திரையைத் தூக்கியபடி ஷாதியா இருந்தாள். கண்மை கரைந்து கழுத்து வரை வந்திருந்தது. மணப்பெண் வாய்திறந்து பேசக்கூடாத நேரம் அது.

"பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்துச்சு, யம்னா," என்றாள். "நான் சொல்லல."

முன்வரிசையில் பெரியம்மா கமிரா முதலில் வாய்விட்டுச் சொன்னாள். அவளுக்குப் பக்கத்திலிருந்தவள் சொன்னாள். பிறகு பெண்கள் வரிசை வரிசையாக, மழை ஒரு தகரக்கூரையிலிருந்து அடுத்த தகரக்கூரைக்கு நகர்வதுபோல. ஆண்கள் பக்கம் வந்தபோது அது முணுமுணுப்பாகத் தேய்ந்தது, ஆனால் நிற்கவில்லை.

அம்மார் குச்சியை மறுபடி எடுத்தார்.

"அம்மார் மாமா, மேளம் வேணாம்," என்றாள் ஷாதியா. "எங்க பர்னியா போய் இன்னும் நாப்பது ஆகல."

ஹாஜியின் முகம் செங்கல் நிறமானது. மேளமில்லாமல் கிளம்பும் மணப்பெண்ணை அந்த ஊர் கண்டதில்லை. "ஷாதியா. ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும் பாபா. மேளச் சத்தம் இல்லல்ல, நல்லாக் கேக்கும்."

முத்தாய்ப்பு அடி இல்லாமல் வஸீர் எழுமா என்று எல்லாருக்கும் சந்தேகம். யம்னா அருகில் போய் அதன் கழுத்தில் கை வைத்தாள். அது அவளைக் கடிக்கவில்லை. இதுவே ஒரு செய்தி. பெருமூச்சு விட்டு, பின்பக்கம் முதலில், முன்பக்கம் பிறகு என்று ஒரு மலை எழுவதுபோல எழுந்தது.

மேலத்தெரு வழியாக ஊர்வலம் போயிற்று. மேளக்காரர்கள் மேளங்களை முதுகுப் பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டார்கள். ஒன்பது ஊர் ஜனம் நடக்கும் செருப்புச் சத்தமும், ஒட்டகத்தின் கழுத்து மணியும் மட்டும்தான். துன்யா கூரையிலிருந்து இறங்கி ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள்கூடப் பேசவில்லை. வீடுகளில் ஜன்னல்கள் திறந்தன. கல்யாணம் பார்க்க வந்த முகங்கள் குழம்பிப்போய்த் தலையில் துணியை இழுத்து மூடிக்கொண்டன.

சந்தை முனையில் முடிவெட்டும் கடை. உள்ளே பாதி முகம் சிரைத்திருந்த ஓர் ஆள் சத்தமில்லாத கூட்டத்தைப் பார்த்துக் கழுத்தில் துண்டோடு எழுந்து வாசலுக்கு வந்தான். அசலூர்க்காரன். முன்னால் கயிற்றைப் பிடித்து வருபவரைப் பார்த்ததும் மரியாதையாக நெஞ்சில் கை வைத்தான்.

"ஹாஜி, யாரு மௌத்தாயிட்டாங்க? உங்களுக்கு அவங்க என்ன உறவு?"

ஹாஜி மன்ஸூர் நின்றார். அவர் நின்றதால் ஒட்டகம் நின்றது. ஒட்டகம் நின்றதால் ஊர் நின்றது. யம்னாவின் கையை துன்யா நசுக்கினாள். கூண்டுக்குள் திரை அசையாமல் இருந்தது. ஹாஜி ஒருமுறை பின்னால் பார்த்தார், ஒருமுறை தன் கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். மீசையின் கீழே உதடுகள் பிரிந்தன. பதிலுக்குக் காத்து நின்ற அந்த ஆளின் சிரைக்காத கன்னத்திலிருந்து சோப்பு நுரை மெல்ல வழிந்து, தாடையில் தொங்கி, வாசற்படியில் விழுந்தது.